ஜெயந்த் நர்லிகர்: விண்வெளியை வீட்டு மொழியில் சொன்ன பேராசிரியர்

1974ஆம் ஆண்டு. மராத்தி விஞ்ஞான் பரிஷத் என்ற அமைப்பு அறிவியல் சிறுகதைப் போட்டி ஒன்றை நடத்தியது. வந்த கதைகளில் ஒன்றின் தலைப்பு "கிருஷ்ண விவர்". தமிழில் சொன்னால் "கருந்துளை". எழுதியவர் பெயர் நாராயண் விநாயக் ஜகதாப். மராத்தி இலக்கிய உலகில் யாரும் கேள்விப்படாத பெயர். நடுவர்கள் அந்தக் கதைக்கே முதல் பரிசு கொடுத்தார்கள்.

அப்படி ஒரு ஜகதாப் இல்லவே இல்லை! அந்தப் பெயரின் முதல் எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் ஜெயந்த் விஷ்ணு நர்லிகர் வந்துவிடுவார். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர். கேம்பிரிட்ஜில் படித்து, அங்கேயே ஆராய்ச்சி செய்து, 26 வயதிலேயே பத்மபூஷண் வாங்கியவர். தன் பெயரைப் பார்த்துப் பரிசு கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகப் புனைபெயர். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக மனைவியைக் கொண்டு படியெடுத்து அனுப்பினாராம்.

உலகப் புகழ் பெற்ற ஒரு விஞ்ஞானி, தாய்மொழியில் கதை எழுதத் தனக்குத் தகுதி இருக்கிறதா என்று இப்படிச் சோதித்துப் பார்த்துக்கொண்டார். அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு சம்பவமே போதும் எனலாம். எதையும் சோதித்துப் பார், பெயரைப் பார்த்து நம்பாதே. இதைத்தான் அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கரும்பலகை மாட்டிய வீடு

நர்லிகர் 1938 ஜூலை 19 அன்று மகாராஷ்டிராவில் உள்ள கோலாப்பூரில் பிறந்தார். ஆனால் வளர்ந்தது காசியில். அப்பா விஷ்ணு வாசுதேவ் நர்லிகர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறைத் தலைவர். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கையை இந்தியாவில் ஆரம்பத்திலேயே கற்று ஆராய்ச்சி செய்தவர்களில் ஒருவர். அம்மா சுமதி சமஸ்கிருதம் படித்தவர். ஒரு பக்கம் கணிதம், இன்னொரு பக்கம் காளிதாசன். வீட்டில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

அந்த வீட்டின் சுவரில் கரும்பலகை மாட்டியிருந்தார்கள். எம்.எஸ்சி. படிப்பதற்காக அந்த வீட்டில் தங்கியிருந்த தாய்மாமா, "ஜெ.வி.நா.வுக்கு ஒரு சவால்" என்று தலைப்புப் போட்டு அதில் ஒரு கணக்கை எழுதி வைப்பார். பையன் விடை கண்டுபிடிக்கும் வரை அந்தக் கணக்கு அழிக்கப்படாது. மதிப்பெண் கிடையாது, பரிசு கிடையாது. கணக்கைப் போட்டு முடித்தோம் என்ற சந்தோஷம் மட்டும்தான். பாடத்திட்டத்திற்கு வெளியே கணிதத்தை ரசிக்கத் தான் கற்றுக்கொண்டது அந்தக் கரும்பலகையில்தான் என்று பின்னாளில் நர்லிகர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

1957ல் பி.எஸ்சி. முடித்துவிட்டு கேம்பிரிட்ஜ் போனார். அங்கே கணிதத் தேர்வில் முதல் வகுப்பில் தேறுபவர்களை 'ராங்ளர்' என்று அழைப்பது வழக்கம். அவர்களில் முதலாவதாக வருபவர் 'சீனியர் ராங்ளர்'. நர்லிகர் அந்த இடத்தைப் பிடித்தார். வானியலுக்காகக் கொடுக்கப்படும் டைசன் பதக்கமும் 1960ல் அவருக்குக் கிடைத்தது. அதே பதக்கத்தை அப்பாவும் ஒரு காலத்தில் அங்கே வாங்கியிருந்தார் என்பது சுவாரசியமான விஷயம்.

ஹாயிலின் மாணவர்

ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக அவருக்குக் கிடைத்தவர் ஃப்ரெட் ஹாயில். அன்றைக்கு இங்கிலாந்தில் இந்தப் பெயரைத் தெரியாதவர்கள் குறைவு. நட்சத்திரங்களுக்குள் கார்பன், இரும்பு போன்ற தனிமங்கள் எப்படி உருவாகின்றன என்று விளக்கிய குழுவில் முக்கியமானவர். பி.பி.சி. வானொலியில் சாதாரண மக்களுக்கு வானியல் சொன்னவர். அறிவியல் நாவல்களும் எழுதியவர். "பிக் பாங்" என்ற சொல்லையே 1949ல் வானொலிப் பேச்சு ஒன்றில் முதலில் பயன்படுத்தியவரும் அவர்தான். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கொள்கையை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை!

பிரபஞ்சம் ஒரு பெரு வெடிப்பில் தொடங்கியது என்பதற்கு மாற்றாக, ஹாயில், ஹெர்மன் பாண்டி, தாமஸ் கோல்டு ஆகிய மூவரும் 1948ல் "நிலைநிலைக் கொள்கை" ஒன்றை முன்வைத்தார்கள். அதாவது பிரபஞ்சத்திற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அது விரிந்துகொண்டே இருக்கிறது, ஆனால் எப்போது பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

விரிந்துகொண்டே போனால் காலியாகிவிடாதா? கல்லூரி விடுதியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் வெளியேறுகிறார்கள், முதலாம் ஆண்டு மாணவர்கள் வந்து சேர்கிறார்கள். பத்து வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு பழைய முகம்கூட இருக்காது. ஆனால் விடுதி அப்படியேதான் இருக்கும். அதே கூட்டம், அதே சத்தம். அதுபோல, விண்மீன் கூட்டங்கள் விலகிப் போகப் போக, இடைப்பட்ட வெளியில் மிக மிக மெதுவாகப் புதிய பொருள் உருவாகிக்கொண்டே இருக்கிறது என்றார்கள்.

உடனே ஒரு கேள்வி வரும். ஒன்றுமில்லாததிலிருந்து பொருள் எப்படி வரும்? வரவு இருந்தால் பற்று இருக்க வேண்டுமே! இந்த இடத்தில்தான் ஹாயிலும் நர்லிகரும் சேர்ந்து வேலை செய்தார்கள். எதிர்மறை ஆற்றல் கொண்ட ஒரு புலம் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். புதிய பொருள் ஒரு பக்கம் உருவானால், அதற்கு ஈடாக அந்தப் புலத்தின் எதிர்மறை ஆற்றல் மறுபக்கம் கூடும். மொத்தத்தில் ஆற்றல் கணக்கு நேராகிவிடும். பி.காம். மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இரட்டைப் பதிவு முறைதான்!

1963ல் நர்லிகர் பி.எச்டி. முடித்தார். 1964 ஜூன் மாதம் ஹாயிலும் நர்லிகரும் ஈர்ப்பு விசைக்கு ஒரு புதிய கொள்கையை அறிவித்தார்கள். ஒரு பொருளின் நிறை என்பது அதற்குள்ளேயே இருக்கும் குணம் அல்ல, பிரபஞ்சத்தில் உள்ள மற்ற எல்லாப் பொருள்களோடும் அதற்குள்ள தொடர்பால் வருவது என்பதே அதன் சாரம். எர்ன்ஸ்ட் மாக் என்பவரின் பழைய யோசனைக்கு இவர்கள் கணித வடிவம் கொடுத்தார்கள். பத்திரிகைகளில் பெரிய செய்தியாக வந்தது. இந்தியாவிலும் ஒரே கொண்டாட்டம். அடுத்த ஆண்டே பத்மபூஷண்.

அந்த லண்டன் ராயல் சொசைட்டி கூட்டத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஹாயில் பேசி முடித்ததும் 22 வயது ஆராய்ச்சி மாணவர் ஒருவர் எழுந்தார். நீங்கள் சொல்லும் அளவு முடிவிலிக்குப் போய்விடும் என்றார். விரிவடையும் பெருவெடிப்புப் பிரபஞ்சத்தில் இந்தக் கணக்கு செல்லாது என்பது அதன் பொருள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன் என்றார். அவர்தான் ஸ்டீபன் ஹாக்கிங்! நர்லிகருக்குப் பக்கத்து அறைக்காரர். கூட்டத்திற்கு முன்பே நர்லிகரின் கணக்குகளைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. ஹாயிலுக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் நர்லிகருக்கும் ஹாக்கிங்குக்கும் இடையே அதனால் பகை எதுவும் வளரவில்லை.

ஊட்டி மலை சொன்ன தீர்ப்பு

1965ல் ஆர்னோ பென்சியஸ், ராபர்ட் வில்சன் என்ற இரண்டு அமெரிக்கர்களின் கண்டுபிடிப்பு வெளிவந்தது. வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் ஒரு மெல்லிய நுண்ணலைக் கதிர்வீச்சு வந்துகொண்டே இருக்கிறது. அதன் வெப்பநிலை சுமார் 3 கெல்வின். பெருவெடிப்பின் மிச்சச் சூடு இது என்று பெரும்பாலான விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்டார்கள். நிலைநிலைக் கொள்கை செல்வாக்கை இழந்தது.

நிர்வாகச் சண்டைகளால் வெறுத்துப்போய் 1972ல் ஹாயில் கேம்பிரிட்ஜ் பதவியை விட்டார். அதே ஆண்டு நர்லிகர் இந்தியா திரும்பி டாடா நிறுவனத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார்.

இந்த இடத்தில் கதைக்குள் நம்ம ஊர்ப் பக்கம் வருகிறது. அதே டாடா நிறுவனத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப் ஊட்டிக்கு அருகே முத்தோரையில் ஒரு ரேடியோ தொலைநோக்கியை அமைத்திருந்தார். 1970ல் செயல்படத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டி இருப்பது வடக்கு அட்சரேகை 11 பாகையில். அதே 11 பாகைச் சரிவுள்ள மலைப்பகுதியைத் தேடிப்பிடித்து, தொலைநோக்கியைத் தெற்கு வடக்காக அதன் மேல் கிடத்தினார்கள். இதனால் அதன் அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாகிவிட்டது. பூமி ஒரு பக்கம் சுழல, தொலைநோக்கியை மறுபக்கம் மெல்லத் திருப்பினாலே போதும், ஒரே பொருளை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். செலவு குறைந்த, அழகான யோசனை!

நிலவு ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் நேரத்தில் சமிக்ஞை எப்படிக் குறைகிறது என்று பார்த்து, அந்த மூலம் எவ்வளவு பெரியது என்று அங்கே அளந்தார்கள். 1975ல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் வெளியிட்ட முடிவுகளின்படி, ரேடியோ மூலங்கள் காலத்தோடு மாறி வந்திருக்கின்றன. மிகத் தொலைவில், அதாவது மிகப் பழைய காலத்தில் இருந்தவை இப்போது அருகில் இருப்பவை போல் இல்லை. பிரபஞ்சம் எப்போதும் ஒரே மாதிரி இருந்திருந்தால் இப்படி வரக் கூடாது. பெருவெடிப்புக்குச் சாதகமாக இன்னொரு சாட்சி.

யோசித்துப் பாருங்கள். தன் கொள்கைக்கு எதிரான ஆதாரம், தான் வேலை பார்க்கும் அதே நிறுவனத்தின் தொலைநோக்கியிலிருந்து வருகிறது. வேறு யாராக இருந்தாலும் ஒன்று ஒதுங்கியிருப்பார்கள், இல்லை அப்படியே கட்சி மாறியிருப்பார்கள். நர்லிகர் இரண்டையும் செய்யவில்லை. பழைய வடிவம் போதாது என்பதைப் புரிந்துகொண்டு, 1993ல் ஹாயில், ஜெஃப்ரி பர்பிட்ஜ் இருவருடனும் சேர்ந்து கொள்கையைத் திருத்தினார். பொருள் தொடர்ச்சியாக உருவாகவில்லை, ஆங்காங்கே சிறு சிறு வெடிப்புகளில் உருவாகிறது, பிரபஞ்சம் விரிந்தும் சுருங்கியும் மெல்ல வளர்கிறது என்றார்கள். இதையும் பெரும்பாலான வானியலாளர்கள் ஏற்கவில்லை. இன்று கிடைத்துள்ள நுண்ணலை அளவீடுகள் எல்லாம் பெருவெடிப்பின் பக்கமே நிற்கின்றன.

அப்படியானால் நர்லிகர் தோற்றுவிட்டாரா? அந்தக் கொள்கையைப் பொறுத்தவரை ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எல்லோரும் ஒரே பாதையில் போகும்போது "வேறு வழி இருக்கிறதா என்று பார்ப்போம்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால்தான் ஏற்கப்பட்ட கொள்கையும் உறுதிப்படும். தன் கருத்து சிறுபான்மைக் கருத்து என்பதை மறைக்காமலேயே வாதாடினார் அவர்.

கதையும் கட்டுரையும்

ஜகதாப் என்ற பெயரில் பரிசு வாங்கிய பிறகு நர்லிகரின் பேனா நிற்கவில்லை. மராத்தி இதழ்களில் தொடர்ந்து எழுதினார். "யக்ஷாஞ்சி தேணகீ" என்ற கதைத் தொகுப்பு மராத்தி அறிவியல் புனைகதைக்கே ஒரு புது வாசலைத் திறந்தது. "வாமன் பரத் ந ஆலா" என்ற நாவல் "வாமனனின் மீள்வரவு" என்ற பொருளில் ஆங்கிலத்திலும் வந்தது. வானியலை முழுமையாக விளக்கும் "ஆகாஷாஷீ ஜடலே நாதே" (வானத்தோடு ஓர் உறவு) மராத்தி வீடுகளில் மிகவும் பிரபலம். ஆங்கிலத்தில் பிரபஞ்சத்தின் அமைப்பைப் பற்றி 1977லும், ஈர்ப்பு விசையைப் பற்றி எளிமையாக 1982லும் எழுதிய புத்தகங்கள் வெளிநாடுகளிலும் படிக்கப்பட்டன.

சி.பி.எஸ்.இ.யில் பதினொன்றாம் வகுப்பு படித்தவர்களுக்கு அவருடைய ஒரு கதை ஞாபகம் இருக்கலாம். ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்ற "சாகசம்" என்ற கதை. வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் ஒரு விபத்தில் சிக்கி, வேறொரு இந்தியாவில் கண் விழிக்கிறார். அங்கே 1761 பானிபட் போரில் மராத்தியர்கள் தோற்கவில்லை, ஜெயித்துவிட்டார்கள்! அதனால் அதற்குப் பிந்தைய இந்திய வரலாறே வேறாக இருக்கிறது. குவாண்டம் இயற்பியலில், ஒரு எலக்ட்ரான் எங்கே இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பல உலகங்களுக்கு வாய்ப்பு உண்டு என்ற கருத்தை அந்தக் கதைக்குள் வைத்திருப்பார். சூத்திரம் ஒன்றுகூட இல்லை. ஆனால் படித்து முடித்ததும் ஒரு பெரிய கேள்வி மனதில் நிற்கும்.

அவருடைய கதைகளின் பலம் இதுதான். அமெரிக்கக் கதாபாத்திரங்களுக்கு இந்தியப் பெயர் வைத்து எழுதும் வேலை அவரிடம் கிடையாது. பானிபட், பிள்ளையார் சிலை, கிரிக்கெட் மைதானம் என்று நாம் பார்த்துப் பழகிய இடத்தில்தான் அறிவியல் வந்து நிற்கும்.

1996ல் அறிவியலை மக்களிடம் கொண்டு சென்றதற்காக யுனெஸ்கோவின் கலிங்கா பரிசு கிடைத்தது. காசி, கேம்பிரிட்ஜ், மும்பை, புனே ஆகிய நான்கு நகரங்களில் தான் வாழ்ந்த வாழ்க்கையை மராத்தியில் எழுதிய சுயசரிதைக்கு 2014ல் சாகித்ய அகாடமி விருது. 2021ல் நாசிக்கில் நடந்த அகில இந்திய மராத்தி இலக்கிய மாநாட்டிற்கு அவரையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பெயரை மறைத்துக்கொண்டு போட்டிக்குக் கதை அனுப்பியவரைத் தேடி ஒரு மொழியின் மிகப் பெரிய இலக்கிய மேடை வந்தது.

அவர் மனைவி மங்களாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரும் கணித அறிஞர். 1966ல் திருமணம். மூன்று பெண் குழந்தைகளை வளர்த்துக்கொண்டே 1981ல் எண் கோட்பாட்டில் முனைவர் பட்டம் வாங்கினார். மராத்தியில் 21ஐ "ஒன்று-இருபது" என்ற வரிசையில்தான் சொல்வார்கள். குழந்தைகளுக்கு இது குழப்பமாக இருக்கிறது, "இருபது ஒன்று" என்று சொல்லிக்கொடுக்கலாம் என்று 2019ல் இரண்டாம் வகுப்புப் பாடநூலில் மாற்றம் வந்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது. பாடநூல் கணிதக் குழுவுக்குத் தலைமை வகித்த மங்களா அதைப் பொறுமையாக விளக்கினார். தமிழ்க் குழந்தைகளுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, நாம் எப்போதும் "இருபத்தி ஒன்று" என்றுதானே சொல்கிறோம்! அவர் 2023ல் காலமானார்.

ஐயுகா என்ற கனவு

1988ல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு புதிய பொறுப்பைக் கொடுத்தது. அப்போதைய தலைவர் யஷ்பாலும் ஓர் இயற்பியல் பேராசிரியர்தான், அறிவியலை மக்களிடம் பேசியவர்தான். இந்தியாவின் பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களில் வசதி குவிந்து கிடக்கிறது, சாதாரணப் பல்கலைக்கழகத்திலும் கல்லூரியிலும் வேலை பார்க்கும் ஆசிரியருக்கு எதுவும் எட்டுவதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப ஒரு பொது மையம் வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் புனேயில் உள்ள ஐயுகா எனப்படும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வானியல், வானியற்பியல் மையம். நரேஷ் தாதிச், அஜித் கெம்பாவி ஆகியோர் துணை நிற்க, நர்லிகர் அதன் முதல் இயக்குநரானார். 2003 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

மும்பையில் வசதியாக இருந்த பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, 50 வயதில் காலி மனையில் ஒரு நிறுவனத்தைத் தொடங்குவது சாதாரண முடிவல்ல. கட்டடத்தை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. முற்றத்தில் ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் நால்வருக்கும் சிலை. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஒரு கல்லூரி விரிவுரையாளர் அங்கே போய்த் தங்கி, நூலகத்தையும் கணினியையும் பயன்படுத்தி ஆராய்ச்சி செய்யலாம். சொந்தக் கல்லூரியில் ஒரு நல்ல ஆய்விதழ்கூட வாங்க முடியாத ஆசிரியர்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்லத் தேவையில்லை.

பெரியவர்களோடு நிற்கவில்லை. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் பள்ளிக் குழந்தைகளுக்கு விஞ்ஞானிகளே வந்து பேசும் நிகழ்ச்சி தொடங்கியது. பேச்சு முடிந்ததும் குழந்தைகள் கையெழுத்து கேட்டு மொய்ப்பார்கள். நர்லிகர் போட மாட்டார். "ஒரு அஞ்சலட்டையில் உனக்குத் தோன்றும் கேள்வியை எழுதி அனுப்பு. பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்" என்பார். சொன்னபடியே அனுப்பவும் செய்தார். கையெழுத்து வேண்டுமென்றால் முதலில் ஒரு கேள்வி யோசித்தாக வேண்டும்! குழந்தைகளைச் சிந்திக்க வைக்க இதைவிட மலிவான வழி இருக்க முடியாது.

200 ஜாதகங்கள்

2001ல் பல்கலைக்கழகங்களில் ஜோதிடத்தைப் பாடமாகக் கொண்டுவர பல்கலைக்கழக மானியக் குழு முடிவு செய்தபோது நர்லிகர் வெளிப்படையாக எதிர்த்தார். வெறும் எதிர்ப்போடு விடவில்லை. "சரி, சோதித்துப் பார்த்துவிடுவோம்" என்றார்.

புள்ளியியல் பேராசிரியர் சுதாகர் குந்தே, மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தின் நரேந்திர தபோல்கர், முன்பு ஜோதிடம் பார்த்துவந்த பிரகாஷ் காட்பாண்டே ஆகியோருடன் சேர்ந்து மகாராஷ்டிராவில் ஒரு பரிசோதனை நடத்தினார். படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள், மொத்தம் 200 பேரின் பிறப்பு விவரங்களிலிருந்து ஜாதகம் கணிக்கப்பட்டது. ஜோதிடர்களுக்கு ஆளுக்கு 40 ஜாதகம். எது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

51 பேர் ஜாதகங்களைக் கேட்டு வாங்கினார்கள். 27 பேர் விடை அனுப்பினார்கள். சராசரியாகச் சரியாக இருந்தவை 46 சதவீதம். தனிநபர்களில் அதிகபட்சம் 40க்கு 24. 200 ஜாதகங்களையும் வாங்கிப் பார்த்த ஒரு ஜோதிட நிறுவனம் 102க்குச் சரியான விடை சொன்னது.

நிகழ்தகவு படித்தவர்களுக்கு இது புரியும். காசைச் சுண்டிப் போட்டே விடை எழுதினாலும் 40க்கு 20 வரும். திட்ட விலக்கம் சுமார் 3.2. எனவே 24 என்பதும் தற்செயலாக வரக்கூடியதே. 27 பேர் எழுதினால் ஒருவர் அந்த அளவுக்குப் போவதில் ஆச்சரியம் இல்லை. பத்துப் பொருத்தம் பார்க்காமல் கல்யாணப் பேச்சே எடுக்காத கொங்கு நாட்டில் இந்தக் கணக்கைச் சொன்னால் வீட்டில் திட்டுதான் விழும். ஆனால் நர்லிகர் யாரையும் திட்டவில்லை, கேலி செய்யவில்லை. தரவைச் சேர்த்தார், எண்ணினார், முடிவை 2009ல் ஆய்விதழில் வெளியிட்டார்.

அந்த ஆய்வில் உடன் இருந்த நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடைப்பயிற்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். நம் நாட்டில் கேள்வி கேட்பதற்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதை அந்தக் காலை காட்டியது. அதற்குப் பிறகும் நர்லிகர் பகுத்தறிவைப் பற்றி எழுதுவதை நிறுத்தவில்லை.

இதே மனிதர்தான் விண்ணிலிருந்து நுண்ணுயிர்கள் பூமிக்கு வரலாம் என்ற ஹாயிலின் யோசனையையும் சோதித்தார். அதைக் கேட்டுப் பலர் சிரித்தார்கள். 2001லும் 2005லும் ஹைதராபாத்திலிருந்து பெரிய பலூன்களை அனுப்பி, 41 கிலோமீட்டர் உயரம் வரை காற்று மாதிரிகள் எடுக்கப்பட்டன. மூன்று புதிய பாக்டீரியா இனங்கள் கிடைத்ததாக இஸ்ரோ 2009ல் அறிவித்தது. ஒன்றுக்கு ஹாயிலின் பெயரும், இன்னொன்றுக்கு ஆரியபட்டரின் பெயரும் வைக்கப்பட்டன. அவை விண்வெளியிலிருந்து வந்தவை என்று இதனால் நிரூபணம் ஆகவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். தனக்குப் பிடிக்காத ஜோதிடத்திற்கும் சோதனை, தனக்குப் பிடித்த கருத்துக்கும் சோதனை. ஒரே தராசு!

தமிழுக்கு என்ன?

2025 மே 20 அன்று, 86ஆம் வயதில், புனேயில் உறக்கத்திலேயே நர்லிகர் காலமானார். மகாராஷ்டிரா அரசு மரியாதையுடன் விடை கொடுத்தது.

அவர் வாழ்க்கை தமிழர்களுக்கும் ஒரு கேள்வியை விட்டுச் சென்றிருக்கிறது. தமிழில் அறிவியல் எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. வழக்கறிஞராக இருந்த பெ.நா.அப்புஸ்வாமி பல பத்தாண்டுகள் தமிழில் அறிவியல் எழுதினார். பொறியாளர் சுஜாதா கதைகளிலும் கேள்வி பதில்களிலும் அறிவியலைப் பேச வைத்தார். நம் கோவையிலிருந்தே ஜி.ஆர்.தாமோதரன் "கலைக்கதிர்" என்ற அறிவியல் இதழைத் தொடங்கி நடத்தினார். அந்தக் காலத்தில் கிராமத்து நூலகங்களில் அதைப் படித்துப் பொறியியல் பக்கம் வந்தவர்கள் உண்டு. நமக்கு அதிகம் கிடைக்காதது, உலகத் தரத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டே மாலையில் வீடு திரும்பித் தாய்மொழியில் கதை எழுதும் விஞ்ஞானிதான்.

அப்படி எழுதினால் பதவி உயர்வு கிடைக்காது. ஆய்வுக் கட்டுரைப் பட்டியலில் ஒரு வரிகூடக் கூடாது. வணிகவியல் பாஷையில் சொன்னால், போட்ட முதலுக்கு லாபமே இல்லாத தொழில். ஆனால் கோலாப்பூரிலும் நாசிக்கிலும் ஒரு பையனோ பெண்ணோ அந்தக் கதையைப் படித்துவிட்டு இரவில் மாடியேறி வானத்தைப் பார்த்தால், அந்த லாபத்தை எந்த ஐந்தொகையில் எழுதுவது?

கடைசியாக ஒரு வார்த்தை. அடுத்த முறை ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள் படகு இல்லத்தோடும் பூங்காவோடும் திரும்பிவிடாதீர்கள். முத்தோரைப் பக்கம் போனால், மலைச்சரிவில் அரை கிலோமீட்டருக்கு நீண்டு படுத்திருக்கும் அந்தத் தொலைநோக்கியைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். காங்கேயத்தில் காலையில் பஸ் ஏறினால் மதியத்திற்குள் போய்விடலாம். ஒரு பெரிய விஞ்ஞானியின் கருத்தையே மறுத்த கருவி அது. அந்த மறுப்பைக் கேட்ட பிறகும் மனம் கோணாமல் அதே நிறுவனத்தில் இருந்து வேலை பார்த்த மனிதரையும் அப்போது கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.